ஏழாம் பங்கு மணவாளனின் சாதனைகள்

மன்னரின் வெள்ளி விழா வருஷத்துப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லி மணவாளன் அம்பத்தூர்க் கோஷ்டிக்கு எதிராக நூற்றுப் பன்னிரண்டு ஓட்டங்கள் அடித்தார். ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். எல்லைக் கோட்டோரம் ஒற்றைக் கையால் ஒரு பந்தைப் பிடித்தார். இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது அவர் மோர்க்குழம்பும் சோறும் தின்றுவிட்டுத் தம் வீட்டுக் கூடத்தில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சபைச் சேவகன் வேம்புலி வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, ஐயா நூத்திப் பன்னெண்டு அட்சிட்டாரு."

"எங்க அட்சாரு? உள்ள குறட்ட உட்டுக்கினு கீறாரு" என்றாள் வரலட்சுமி.

"அதெல்லாம் எனக்குத் தெர்யாதும்மா. சொல்லிட்டு வரச் சொன்னாங்க, சொல்லிட்டேன்."

வரலட்சுமி உள்ளே போய்ப் புருஷனைத் தட்டி எழுப்பினாள். "ஏங்க, எழுந்திரிங்க. நூத்திப் பன்னெண்டு அட்ச கையி. அந்த ஜோர்லயே கெணத்துல நாலு கொடம் சேந்திப் போடுங்க."

மணவாளன் எழுந்து உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முடியலடி" என்றார்.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. பூந்தமல்லி மன்னர் விசுவாச கிரிக்கெட் சபையின் விதிப்படிதான் எல்லாம் நடந்தது. இருபது வருஷத்துக்கு முன்பு, இங்கே முகாம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வேண்டும் என்றார். தலைமுறை தலைமுறையாக நிலத்தைப் பங்கு வைத்தே பழகியவர்களுக்கு அது பதினொரு பங்கு என்றுதான் புரிந்தது. உடனே பதினொரு குடும்பங்கள் ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொண்டன. நிலத்துக்குச் சொந்தக்காரன் தானே ஏர் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? பங்குக்குச் சொந்தக்காரனும் தானே மட்டை பிடிக்க வேண்டியதில்லை. ஆள் வைத்துக்கொள்ளலாம். விளைந்தது பங்குதாரருக்கு. சேதம் ஆட்டக்காரனுக்கு. அந்த அதிகாரி ஊர் மாறிப் போகும்வரை அவருக்கு இது விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதை அவர் வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மணவாளனுக்கு அப்பா செத்தபோது நசரத்பேட்டைப் பக்கம் கொஞ்சம் நிலமும், ஒரு மாமரமும், கிரிக்கெட்டில் ஏழாம் பங்கும் வந்து சேர்ந்தன. ஏழாம் பங்கை ஆடுகிறவன் கலீல் ரகுமான். கடைத்தெருவில் ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் ஷவுகத் அலியின் மகன். மட்டை பிடித்தால் பந்து ஏரிக்கரை தாண்டும். பந்து போட்டால் குச்சி பறக்கும். பிடிக்கிற இடத்தில் நிறுத்தினால், ஒரு கையில் வேர்க்கடலை வைத்துக்கொண்டு மறுகையால் பந்தைப் பிடிப்பான். செங்கல்பட்டு ஜில்லாவில் மூன்றும் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான் என்று வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். சபைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய பலகையோ, அது மணவாளன் என்று தங்க எழுத்தில் சொன்னது.

அப்புறம் மனிதருக்கு என்ன குறை? அதுதான் அவருக்கே புரியவில்லை. தினம் சாயங்காலம் பலகைக்குக் கீழே போய் நின்று பார்ப்பார். யாராவது பலகையைப் பார்த்துவிட்டுத் தம்மைப் பார்க்கிறார்களா என்று கவனிப்பார். வருகிறவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கடைத்தெருவில் பூக்காரி நாகம்மாளிடம் போய் நின்றார்.

"ரெண்டு மொழம் மல்லி குடு நாகம்மா. அம்பத்தூர் ஆட்டம் கேள்விப்பட்டியா?"

"நேர்லயே பாத்தேன் நைனா! இன்னா அடி! ஒரு பந்து வந்து என் கூடையில வுயுந்திச்சி. பூவெல்லாம் நசுங்கிப் போச்சி. போனாப் போவுதுன்னு உட்டுட்டேன். நம்ம கலீலு அட்சதாச்சே."

"கலீலு அடிச்சதா? பலகையில யார் பேரு கீது, பாத்தியா?"

"எனக்குப் படிக்கத் தெர்யாது நைனா" என்றாள் நாகம்மாள். "கண்ணு மட்டும் நல்லாத் தெர்யும்."

அந்த நேரம் பார்த்துக் கலீல் எதிரே வந்தான். தலையைப் படிய வாரி, மேல் பட்டனைத் திறந்துவிட்டு, தெருவே தனக்கு வழி விடும் என்ற நம்பிக்கையோடு நடந்து வந்தான். தெருவும் விட்டது. நாகம்மாள் ஒரு முழம் பூவை அவன் கழுத்தைப் பார்த்து எறிந்தாள். அவன் அதைப் பிடித்தான். அதையும் ஒற்றைக் கையால்தான்.

"அண்ணாத்தே!" என்றான் மணவாளனைப் பார்த்து. "நேத்து பிரமாதமா ஆடினீங்களாமே! இடுப்பு கிடுப்பு வலிக்கிதா?"

கடைத்தெரு சிரித்தது. மணவாளனுக்கு உண்மையாகவே இடுப்பு வலித்தது. தூங்கிய வலி. அதைச் சொல்ல முடியவில்லை. வயிறு எரிந்தது. அதையும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கொல்லையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கலீல் மாதிரி தோளை ஆட்டி நடந்து பார்த்தார்.

"காலுல முள்ளு குத்திச்சா?" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது.

அந்த வாரமே மணவாளன் சபைக்கு ஒரு முறையீடு கொண்டுபோனார். ஓட்டம் தமக்கு வருகிறது, விக்கெட் வருகிறது, கைதட்டல் மட்டும் கலீலுக்குப் போகிறது, இது எந்த ஊர் நியாயம்?

தலைவர் ராவ் சாகிப் நாகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் பங்கு அவருடையது. காரியதரிசி கன்னியப்பன் ஓய்வு பெற்ற கோர்ட்டுக் குமாஸ்தா. விதி என்று யாராவது தும்மினால்கூட எழுந்து நிற்பவர். நாலாம் பங்கு எத்திராஜ் அரிசி மில் வைத்திருந்தார். அவர் பங்கை ஆடிய சின்னசாமி மட்டையைத் தூக்குவதற்குள் அவன் குச்சி சாய்ந்துவிடும். அதனால் எத்திராஜுக்கு மணவாளனைக் கண்டாலே ஆகாது.

"ஓட்டம் வந்தது போதாதா மாமே?" என்றார் எத்திராஜ். "கைதட்டலும் வோணுமா? எனக்கு ரெண்டும் இல்ல. நான் எங்க போயி முட்டிக்கிறது?"

"சின்னசாமிக்கு யாரும் தட்டலியே, அதனால உனக்குக் கஷ்டமில்ல. எனக்கு ஊரே தட்டறது காதுல வுயுது."

ராவ் சாகிப் எழுந்தார். அவர் எழுந்தால் உட்கார நேரமாகும்.

"கனவான்களே! இந்தச் சபை உழைப்பை ஒருநாளும் அவமதித்ததில்லை. உழைக்கிறவனைப் பார்த்து, 'சாப்பிட்டாயா அப்பா' என்று நாம் கேட்கிறோம். ஏன் கேட்கிறோம்? கேட்டுவிட்டால் அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷமாக ஒரு பந்தைக்கூடத் தொடாமல் தலைவனாக இருக்கிறேன். தொட்டிருந்தால் இருந்திருப்பேனா? முதல் நாளே ஆட்டமிழந்திருப்பேன். ஆகவே, விளைச்சல் எவ்வழியோ வைக்கோலும் அவ்வழியே. கைதட்டல் என்பது வைக்கோல். அது பங்குதாரரைச் சேர வேண்டும்."

கன்னியப்பன் விதியை இயற்றினார். இனிமேல் ஆட்டத்தன்று பங்குதாரர் எல்லைக் கோட்டருகே நாற்காலியில் உட்கார வேண்டும். ஆட்டக்காரன் அடித்ததும் மட்டையால் அந்த நாற்காலியைக் காட்ட வேண்டும். வேம்புலி தப்பட்டை அடித்து அறிவிக்க வேண்டும். ஜனங்கள் நாற்காலியைப் பார்த்துத் தட்ட வேண்டும். முதுகைக் காட்டித் தட்டுகிறவர்களைத் திடலை விட்டு அனுப்ப வேண்டும்.

அடுத்த ஆட்டம் திருமழிசைக் கோஷ்டியோடு, வற்றிக் கிடந்த ஏரிக்குள் நடந்தது. மணவாளன் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கலீல் முதல் பந்தை அடித்தான். அது உருண்டு போய்க் கரையில் முட்டியது. கலீல் மட்டையை நீட்டி மணவாளனைக் காட்டினான். காட்டியதோடு விடாமல் இடுப்பை வளைத்து ஒரு சலாமும் போட்டான்.

டம டம டம!

"இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, இப்ப அட்ச நாலு ஓட்டம் ஏழாம் பங்கு மணவாளன் ஐயாவுதேய்!"

ஜனங்கள் தட்டினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தட்டினார்கள். மணவாளன் எழுந்து கும்பிட்டார். உட்காருவதற்குள் அடுத்த நாலு. மறுபடி டமடம, மறுபடி கும்பிடு. எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் அவருக்கு மூச்சு இரைத்தது. இத்தனைக்கும் அடிக்கிற கலீலுக்கு இரைக்கவில்லை.

நடுவில் ஒரு பந்து கலீலின் முழங்காலில் பட்டது. வேம்புலிக்கு ஒரு கணம் குழப்பம். விதி விதிதானே என்று தப்பட்டையை அடித்தான்.

"இப்ப பட்ட அடியும் ஏழாம் பங்கு மணவாளன் ஐயாவுதேய்!"

உடனே பத்துப் பேர் மணவாளனிடம் ஓடி வந்தார்கள். ஒருத்தன் வேட்டியை விலக்கினான், ஒருத்தன் நல்லெண்ணெய் ஊற்றினான், ஒருத்தன் முழங்காலைப் பிடித்து உருவினான். "ஐயோ, எனக்கு ஒன்னியும் இல்லடா!" என்று அவர் அலறினார். கன்னியப்பன் குறுக்கே பாய்ந்து, "அடி என்பது சேதம்! சேதம் ஆட்டக்காரனைச் சேர்ந்தது!" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். எண்ணெய் மட்டும் மிச்சம்.

வீட்டில் வரலட்சுமி கேட்டாள். "இன்னாங்க, இன்னிக்குக் கைதட்டலு வந்துதா?"

"வந்தது."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்டிக் கீது?"

"எல்லாம் என் பக்கம் திரும்பித் தட்னாங்க வரலட்சுமி. கண்ணு மட்டும் அவன் மேலயே வச்சிக்கினு தட்னாங்க."

இந்த நிலைமையில்தான் கலெக்டர் துரையின் செய்தி வந்தது. மன்னரின் வெள்ளி விழாவுக்காகத் துரை தம் கோஷ்டியோடு சைதாப்பேட்டையிலிருந்து வருகிறார். மணவாளன் என்ற மூன்றும் வல்ல ஆட்டக்காரரைப் பற்றி நிரம்பக் கேள்விப்பட்டிருக்கிறார். அவரோடு ஆடி, தம் கையாலேயே அவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுக்க ஆசைப்படுகிறார்.

சபை கூடியது. "கவலை எதற்கு?" என்றார் ராவ் சாகிப். "துரைக்கு முகம் தெரியாது. கலீல் போய் மணவாளன் என்ற பெயரில் ஆடட்டும்."

"கோப்பைய யாரு வாங்கறது?" என்றார் மணவாளன்.

"கலீல் வாங்குவான். வெளியே வந்ததும் உங்களிடம் கொடுத்துவிடுவான்."

"தொர கை குலுக்குவாரே, அது?"

எல்லோரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். கன்னியப்பன் வெகுநேரம் யோசித்தார். "கை குலுக்கல் அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்பதற்கு விதியில் இடமில்லை" என்றார். "ஒருவர் கையில் விழுந்ததை இன்னொருவர் கைக்கு மாற்ற வழி தெரியவில்லை."

கலீலின் கையைத் துரை பிடித்து ஆட்டுவதும், கலீல் தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரிப்பதும், நாகம்மாள் பூவை எறிவதும் மணவாளன் கண்முன் வந்தன.

"அப்ப நானே ஆடறேன்" என்றார்.

கன்னியப்பன் விதிகளைப் புரட்டத் தொடங்கினார்.

"மெய்யாலுமா?" என்றார் எத்திராஜ். அவர் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை. "ஆடட்டுமே! பங்குக்காரன் ஆடக் கூடாதுன்னு எந்த விதியில கீது?"

ஆட்டத்தன்று கலீல்தான் அவருக்குப் பந்து பட்டு அடிபடாமலிருக்கக் காலில் மெத்தையைக் கட்டிவிட்டான்.

"பந்து வரும் அண்ணாத்தே. பயப்படாதீங்க. பந்த மட்டும் பாருங்க."

"எனக்குத் தெரியும்டா. நூத்திப் பன்னெண்டு அடிச்சவன்கிட்ட சொல்றியா?"

"அதான பாத்தேன்" என்று கலீல் ஜனங்களோடு போய் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தான்.

துரையே பந்து போட ஓடி வந்தார். ஆறடி உயரம், சிவந்த முகம், ஜில்லாவுக்கே எஜமான். அவர் தம்மை நோக்கி ஓடி வருவதைப் பார்த்ததும் மணவாளனுக்குக் கால் தானாக நகர்ந்தது. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார். பந்து அந்த வழியாகப் போய் நடுக்குச்சியைத் தள்ளியது.

பிறகு அவர் பந்து போட்டார். முதல் பந்து தாசில்தார் கூடாரத்துக்குப் போனது. அடுத்தது பின்பக்கம் போனது. பிடிக்கிற இடத்தில் நிறுத்தினார்கள். துரை அடித்த பந்து உயரே போய் நேராக அவரிடம் இறங்கியது. கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். பந்து கையை விட்டுவிட்டுக் கால் கட்டைவிரலில் விழுந்தது. மூன்று துறையிலும் ஒரே நாளில் இத்தனை பெரிய காரியத்தை அந்த ஜில்லாவில் வேறு யாரும் செய்ததில்லை.

"இவரா அந்த மணவாளன்?" என்று துரை தாசில்தாரைக் கேட்டார். தாசில்தார் இருமினார். துரை இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கோப்பை வந்த காரிலேயே சைதாப்பேட்டைக்குத் திரும்பிப் போனது.

மறுநாள் சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மன்னர் பெயரால் நடந்த ஆட்டத்தைப் பலகையில் எழுதாமல் விட்டால் ராஜவிசுவாசத்துக்குக் குறைவு. எழுதினால், தங்க எழுத்தில் ஏழாம் பங்குக்கு நேராக ஒரு முட்டை. கன்னியப்பன்தான் வழி கண்டார்.

"முட்டை என்பது சேதம். சேதம் ஆட்டக்காரனைச் சேர்ந்தது. ஆகவே முட்டை கலீல் ரகுமானுடையது."

"நேத்து அவன் ஆடவே இல்லையே?" என்றார் மணவாளன். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஆடாமல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றானா இல்லையா? நிலம் தரிசாகக் கிடந்தால் அது யார் குற்றம்? பயிரிட வேண்டியவன் குற்றம்."

"ஆஹா" என்றார் ராவ் சாகிப். "கனவான்களே, நீதி என்பது எத்தனை வசதியான பொருள்!"

இனிமேல் சேதங்களையும் அவரவர் பெயரில் பலகையில் எழுதுவது என்று தீர்மானம் நிறைவேறியது. பலகையின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதினார்கள்: வெள்ளி விழா ஆட்டம், கலீல் ரகுமான், 0.

மணவாளன் நிம்மதியாகத்தான் தூங்கினார். விடிந்து சபைப் பக்கம் போனபோது வாசலில் கால் வைக்க இடமில்லை. கடைத்தெருவே திரண்டு வந்திருந்தது. ஷவுகத் அலி எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சைனம்பு முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எழுத்து எங்கே, எங்கே என்று கேட்டு, யாரோ விரலால் காட்டியதும் சுண்ணாம்பு எழுத்தை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். நாகம்மாள் நாற்காலியில் ஏறிப் பலகைக்கு மாலை போட்டாள். அடியில் இருந்த ஒரு வரிக்கு மட்டும்தான் மாலை. மேலே இருந்த தங்க எழுத்தெல்லாம் மாலைக்கு வெளியே மினுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா கூட்டம் இங்க?" என்றார் மணவாளன்.

"நம்ம கலீலு பேரு ஏறிச்சி நைனா! மொத மொறையா ஏறிச்சி!"

"அடியே, அது முட்டடி!"

"இருந்துட்டுப் போவட்டும். அதோட பேரு சேர்ந்து கீதுல்ல?"

மணவாளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அது அவன் போட்ட முட்டையே இல்ல. நான் போட்டது! எல்லாரும் பாத்தீங்களே! தொர பந்து போட்டாரு, நான் நின்னேன், நானே அவுட்டானேன்!"

நாகம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் நைனா, இத்தயும் உன்னுதுன்ற? உனக்கு ஆசைக்கு ஒரு அளவே இல்லியா?"

அவர் திரும்பி நேராகச் சேணக் கடைக்குப் போனார். கலீல் தோலில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"கலீலு, சபையில வந்து ஒரு வார்த்த சொல்லு. அந்த முட்டை என்னுதுன்னு சொல்லு. நூத்திப் பன்னெண்ட நீயே எடுத்துக்க. ஏழு விக்கெட்டும் எடுத்துக்க. நான் கேட்டு மாத்தித் தரேன்."

கலீல் ஊசியை நிறுத்தினான். வழக்கமான சிரிப்பு வரும் என்று மணவாளன் பார்த்தார். வரவில்லை.

"மாத்தித் தரமாட்டாங்க அண்ணாத்தே. உங்களுக்கே தெரியும். நான் அட்சதெல்லாம் உங்க பேர்ல எழுதினாங்க. நான் ஒரு நாளாவது கேட்டேனா? அம்மா இன்னிக்குத்தான் என் பேர எழுத்துல பாத்திச்சி. இத்த மட்டும் உட்ருங்க."

"அது என்னுதுடா."

"உங்களுதுதான். யாரு இல்லேன்னா? ஆனா தரமாட்டேன்."

மணவாளன் கடை வாசலை விட்டு இறங்கினார். உள்ளே ஊசி மறுபடி தோலில் ஏறியது. அவர் அங்கிருந்து அரிசி மில்லுக்கு நடந்தார். எத்திராஜ் தவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எத்திராஜு, உன் நாலாம் பங்குக்கு ஆள் வோணுமா?"

"சின்னசாமி கீறானே. ஏன், கலீல எனக்குத் தர்றியா மச்சான்?" எத்திராஜின் கண் விரிந்தது.

"கலீல் இல்ல. நானு."

"நீயா? உனக்குத்தான் ஒன்னியும் ஆட வராதே! என் பங்குல வந்து சேதம் பண்ணிட்டுப் போவவா?"

"ஆமா" என்றார் மணவாளன். "சேதம் ஆட்டக்காரன் பேர்லதானே எழுதுவாங்க?"